மறப்பதற்கல்ல இந்த மாத்திரை

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை என் மேஜைக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை வந்தது. மாலைக்குள் தமிழில் வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த ரேச்சல் யெஹுடா என்ற உளவியலாளரின் ஆராய்ச்சி பற்றியது. போதைப்பொருள் என்று உலகம் தடை செய்து வைத்திருக்கும் ஒரு மாத்திரையை, மனம் சிதைந்து போனவர்களுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

முதல் வரியிலேயே சிக்கல். ட்ராமா. இதற்குத் தமிழில் என்ன? அதிர்ச்சி என்று எழுதினால் ஸ்விட்ச் போர்டில் கை வைத்தவருக்கும் அதே சொல்தான், தங்கம் விலை ஏறியதற்கும் அதே சொல்தான். பேரதிர்ச்சி என்பதைத் தலைவர்களின் இரங்கல் செய்திகள் தேய்த்துவிட்டன. தமிழில் முதுகலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவளுக்கு இது வெட்கமான விஷயம். கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கடன் வாங்கினேன். அங்கு போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழில் எழுதிய தன் புத்தகத்துக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். காயம் ஆறும். வடு நிற்கும். தேவைப்பட்டவர்கள் செய்த சொல் என்பதால் அது பொருந்தியது.

மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் எப்படி உணர்ந்தார்கள் என்று சொல்லும் இடத்தில் ஒரு சொல். 'லைட்டர்.' பள்ளிக்கூடப் பிள்ளைகூட மொழிபெயர்க்கும். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

2005 ஜனவரி. சுனாமி வந்து மூன்று வாரம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்குத் தினக்கூலி மொழிபெயர்ப்பாளராகப் போனேன். மனநல ஆலோசகர்கள் கேட்பதைத் தமிழிலும், மக்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு முகாம்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சந்திப்பு, சுமார் நாற்பது நிமிடம்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல் கட்டில்தான் அவரைப் பார்த்தேன். மீனவப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்திருந்தார். சின்னவன் இடுப்பில் இருந்தான். ஓடும்போது இடது கையால் அவனை இறுக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் இரண்டாம் முறை உருட்டியபோது கையில் ஒன்றும் இல்லை.

ஆலோசகர் நல்ல பெண்மணி. அவரிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் இருந்தபடி கேட்டார். முதலில் என்ன பார்த்தீர்கள்? என்ன சத்தம் கேட்டது? பிறகு? அதற்குப் பிறகு? நான் ஒவ்வொன்றையும் தமிழில் கேட்டேன். அந்த அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த முகாமுக்கு நேரமாகிவிட்டது. ஆலோசகர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "கை லேசா இருக்கு, தங்கச்சி" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஷி ஃபீல்ஸ் லைட்டர்."

ஆலோசகர் சிரித்து, அக்காவின் தோளைத் தொட்டு, படிவத்தில் ஒரு டிக் போட்டார். பாரம் குறைந்தது என்பதற்கான டிக். வேனில் ஏறினோம். மூன்று நாளில் அந்தக் குழு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வாய் தவறிய மொழிபெயர்ப்பு அல்ல அது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இன்னொரு கேள்வி வந்திருக்கும். இன்னொரு கேள்விக்கு நேரம் இல்லை.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஒரே சந்திப்பில் ஒருவரை நடந்ததையெல்லாம் சொல்ல வைத்துவிட்டுக் கிளம்பிவிடும் இந்த முறையால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் நேரலாம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை 2002-லேயே சொல்லிவிட்டது. சுனாமிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. அந்த வேனில் இருந்த யாருக்கும் அது எட்டியிருக்கவில்லை.

ஒரே நினைவு ஒருவருக்குக் கதையாகிறது, இன்னொருவருக்கு நோயாகிறது. ஏன்? யெஹுடா ஆயுளைச் செலவிட்டது இந்தக் கேள்வியில்தான். இஸ்ரேலில் பிறந்தவர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் பகுதியில் வளர்ந்தவர். நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய பலர் குடியேறிய பகுதி அது. எண்பதுகளின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்துகொண்டிருந்த குழுவில் இருந்தார். நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன் அது. எப்போதும் பதற்றத்தில் இருப்பவர்களிடம் அதிகமாக இருக்கும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். குறைவாக இருந்தது.

இதை நம்பாதவர்கள் நிறைய. யெஹுடா கிளீவ்லாண்டுக்கே திரும்பிப் போய், தனக்குப் பழக்கமான அந்த முதியவர்களிடம் அளந்து பார்த்தார். மனவடு ஆறாதவர்களிடம் அங்கேயும் குறைவுதான். அவர் தரும் விளக்கம் இது: கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று, ஆபத்து நீங்கியதும் உடம்பின் அபாய மணியை நிறுத்துவது. அது போதாதபோது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்தும்.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் அவர் உயிர் தப்பியவர்களுக்கான சிகிச்சை மையத்தைத் தொடங்கியபோது, அதிகமாக போன் செய்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். முகாமைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது அந்தப் பகுதியில் கர்ப்பமாக இருந்த 38 பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் ஆராய்ந்தபோது, மனவடு நோய் கண்ட தாய்மாரின் குழந்தைகளிடமும் கார்ட்டிசால் குறைவாக இருந்தது. 2016-இல், உயிர் தப்பிய 32 பேரையும் அவர்களுடைய 22 பிள்ளைகளையும் ஆராய்ந்து, ஒரு மரபணுவின் மேல் படிந்த ரசாயனக் குறிகளில் இரு தலைமுறையிலும் மாற்றம் இருப்பதாக எழுதினார். பத்திரிகைகள் 'துயரம் மரபணுவில் தொடர்கிறது' என்று தலைப்பு போட்டன. 32 பேரை வைத்து அவ்வளவு சொல்லிவிட முடியாது என்று சக விஞ்ஞானிகள் தடுத்தார்கள். அந்தத் தடுப்பில் நியாயம் இருக்கிறது.

இப்படி முப்பது ஆண்டுகள் நோயை அளந்தவர், மருந்தின் பக்கம் திரும்பிய இடம் பலரை ஆச்சரியப்படுத்தியது. மவுன்ட் சினாயில் மாயத்தோற்ற மருந்துகளையும் மனவடுவையும் சேர்த்து ஆராயும் மையத்துக்கு அவர் இப்போது தலைவர். இந்த நோய்க்கென்று அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற மாத்திரைகள் இரண்டே இரண்டு. இரண்டுமே மனச்சோர்வுக்காக வந்தவை. பேச்சு வழிச் சிகிச்சைகள் பலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் பாதியில் எழுந்து போய்விடுபவர்கள் அதிகம். காரணம் எளிது. குணமாக வேண்டுமானால் அந்த நாளுக்குத் திரும்பிப் போக வேண்டும். போனால் அபாய மணி அடிக்கிறது.

எம்.டி.எம்.ஏ. வருவது இந்த இடத்தில்தான். இரவு விருந்துகளில் 'எக்ஸ்டஸி' என்று விற்பது இதைத்தான், பெரும்பாலும் கலப்படத்தோடு. ஜெர்மனியின் மெர்க் கம்பெனி 1912-இல் வேறு ஏதோ மருந்து செய்யும் வழியில் உண்டாக்கி, காப்புரிமை எடுத்து, மறந்துபோன பொருள். எழுபதுகளில் கலிஃபோர்னியா ரசாயன விஞ்ஞானி அலெக்சாண்டர் ஷுல்கின் அதை மறுபடி செய்து, தானே சாப்பிட்டுப் பார்த்து, லியோ ஸெஃப் என்ற உளவியலாளரிடம் கொடுத்தார். ஓய்வு பெறும் யோசனையில் இருந்த ஸெஃப் அதைக் கைவிட்டு, ஊர் ஊராகப் போய் மற்ற ஆலோசகர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அதற்குள் மாத்திரை மதுக்கூடங்களுக்குப் போய்விட்டது. 1985-இல் அமெரிக்கா தடை செய்தது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் அதே 1985-இல் வந்தது. எம்.டி.எம்.ஏ.வும் எல்.எஸ்.டி.யும் அதன் பட்டியலில் இருக்கின்றன.

எல்.எஸ்.டி.யைப் போல இது பெரிதாக மாயக் காட்சிகள் காட்டுவதில்லை. மூளையில் செரோடோனினைப் பெருக்குகிறது. அச்சத்தை எழுப்பும் பகுதியின் வேகத்தைத் தணிக்கிறது. எதிரே இருப்பவரை நம்பத் தோன்றுகிறது. சில மணி நேரத்துக்கு, மணி அடிக்காமல் அந்த நாளுக்குள் போய் வர முடிகிறது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும் என்பதால் எல்லோருக்கும் ஏற்றதல்ல.

மருந்தைவிட முறைதான் என்னை நிறுத்தியது. மாத்திரை தருவதற்கு முன் ஒன்றரை மணி நேரச் சந்திப்புகள் மூன்று. நோயாளிக்கும் ஆலோசகர்களுக்கும் பழக்கம் ஏற்பட. பிறகு மாத்திரை நாட்கள் மூன்று, ஏறக்குறைய மாதம் ஒன்று. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம். படுக்கை, கண்ணுக்குத் துணிக்கட்டு, மெல்லிய இசை. இரண்டு ஆலோசகர்கள் கூடவே இருக்கிறார்கள். பெரும்பாலும் பேசுவதில்லை. நோயாளி பேசினால் கேட்கிறார்கள். ஒவ்வொரு மாத்திரை நாளுக்கும் பிறகு மூன்று சந்திப்புகள். கணக்குப் போட்டால் 42 மணி நேரம். எங்கள் குழு அந்த அக்காவுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம்.

முதல் முறையான பரிசோதனை அமெரிக்காவின் தென் கரோலினாவில், மைக்கேல் மித்தோஃபர் என்ற மனநல மருத்துவரும் நர்ஸான அவர் மனைவி ஆனியும் நடத்தியது. தொடங்கியது 2004-இல். சுனாமி வந்த அதே ஆண்டு. மருந்து பெற்ற 12 பேரில் 10 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 8 பேரில் 2 பேருக்கும் நல்ல முன்னேற்றம். அடுத்த கட்டங்களில் எண்ணிக்கை கூடியது. 90 பேர் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 67 சதவிகிதம் பேருக்கு நோயின் இலக்கணமே பொருந்தவில்லை. வெற்று மாத்திரையோடு அதே 42 மணி நேரத்தைப் பெற்றவர்களில் 32 சதவிகிதம். 104 பேர் பங்கேற்ற 2023 ஆய்வில் இது 71-க்கு 48. ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைத் தரலாம் என்று அறிவித்தது.

இந்த இடத்தோடு கட்டுரை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 2024 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 9-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. ஆகஸ்டில் நிர்வாகம் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய பரிசோதனை கேட்டது. முதல் காரணம், உண்மையான மாத்திரையா வெற்று மாத்திரையா என்பது சாப்பிட்டவருக்கே அரை மணியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவரின் நம்பிக்கையும் ஏமாற்றமும் கணக்கில் கலந்துவிடுகின்றன. இன்னொரு காரணம் கசப்பானது. கனடாவில் நடந்த ஒரு முந்தைய பரிசோதனையில் ஆலோசகர்கள் ஒரு பெண் நோயாளியிடம் வரம்பு மீறியிருந்தார்கள். அதையொட்டி ஓர் ஆராய்ச்சி இதழ் மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. எதிரே இருப்பவரை நம்ப வைக்கும் மருந்து, எதிரே இருப்பவர் யோக்கியராக இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தத் துறையில் நம்பிக்கையும் ஐயமும் புதிதல்ல. ஹாலந்தின் லைடன் நகரில் யான் பாஸ்டியான்ஸ் என்ற மனநல மருத்துவர் அறுபதுகளிலிருந்தே நாஜி முகாம்களில் இருந்தவர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்து வந்தார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் கா-ட்செட்னிக் என்ற பெயரில் எழுதிய யெஹியேல் டி-நூர். 1961-இல் ஐக்மன் விசாரணையில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அவுஷ்விட்ஸை வேறொரு கிரகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். 1976-இல் லைடனுக்குப் போனார். பிறகு அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அவருக்குக் கிடைத்தது ஆறுதல் என்று சொல்ல முடியாது. அது வேறு கிரகம் அல்ல, இதே பூமியில் மனிதர்கள் செய்ததுதான் என்று தெரிந்துகொண்டார். பாஸ்டியான்ஸிடம் கதைகள் இருந்தன, முறையான கணக்கு இல்லை. அதனால் அவருடைய வேலை அவரோடு நின்றுபோனது. யெஹுடா போன்றவர்கள் அளந்துதான் பேசுவோம் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஒரு நோயாளிக்கு 42 மணி நேரம், அதுவும் இரண்டு பேர் என்றால், மாவட்டத் தலைநகர் மருத்துவமனையின் புற நோயாளிகள் வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். மாத்திரைக்கு நாளை சட்டம் வழிவிட்டாலும், உட்கார ஆள் எங்கே?

அன்று மாலை கட்டுரையை அனுப்பிவிட்டு நாகைக்கு போன் செய்தேன். அக்காவின் எண் என்னிடம் இருந்தது. சுனாமியின் பத்தாம் ஆண்டுக்கு எழுதப் போனபோது தேடிக் கண்டுபிடித்திருந்தேன். அரசு கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தார், மீன் விற்றுக்கொண்டு. பார்த்ததும் "வெள்ளக்காரம்மாவோட வந்த புள்ளதானே நீ?" என்றார். அந்தக் காலத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் காட்டினார். ஆறு மாதம் இரவில் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். இப்போதும் அக்கா தூங்கும்போது இடது கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறார். குணமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை.

போனில் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாப்ட்டா மறந்துருமா?"

"மறக்காதுக்கா. நெனைக்கும்போது பயம் கொறையுமாம்."

"மறக்காதுல்ல? அப்ப சரி." கொஞ்சம் நிறுத்தி, "கூட ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்கன்னியே, எவ்ளோ நேரம்?"

"எட்டு மணி நேரம்."

"எட்டு மணி நேரம் கூட ஆளு உக்காந்திருந்தா மாத்திர எதுக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் பரிசோதனைகளின் மையக் கேள்வியே அதுதான். வெற்று மாத்திரையோடு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தபோதே மூன்றில் ஒருவருக்கு, இரண்டாம் ஆய்வில் பாதிப் பேருக்கு, நோய் விலகியிருக்கிறது. மீதிப் பேருக்கு மாத்திரை எவ்வளவு செய்தது என்பதைத்தான் இன்னும் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப மீதிப் பேருக்கு வேணும்தான்" என்றார்.

அதன் பிறகுதான் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் அவர் சொன்னது என்ன, நான் ஆங்கிலத்தில் சொன்னது என்ன. இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதது. மறுமுனையில் மீன் சந்தையின் இரைச்சல் கேட்டது. அவர் கேட்காமல் போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"நீ சரியா சொல்லிருந்தா மட்டும் அந்தம்மா என்னா பண்ணிருப்பாங்க, பாவம்" என்றார் அக்கா. "வெளிய ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அதான் ஞாபகம்."